ரோபோ என்றால் ரஹ்மானா?

"சயின்ஸ் ஃபிக்‌ஷன் படமா? அப்படியானால் ரஹ்மான்தான்." தி. நகரில் கதை விவாதம் நடக்கும் ஃப்ளாட்டுகளில் தொடங்கி மயிலாப்பூர் மெஸ்ஸில் காபி ஆற்றுகிறவர்கள் வரை, இந்தப் பதிலைச் சொல்ல யாருக்கும் ஒரு நொடிகூடத் தேவைப்படுவதில்லை. ரஹ்மானிடம் தேதி இல்லையென்றால் சின்தசைஸரில் வித்தை காட்டும் ஓர் இளைஞர். அதுவும் அமையாவிட்டால், "ஹான்ஸ் ஸிம்மர் மாதிரி ஒரு ஃபீல் கொடுங்க பாஸ்" என்று சொன்னால் எதையாவது போட்டுத் தரும் இன்னொருவர்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படமானால் யார் இசை என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பல்லவிதான். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தலைகாட்டிய கதை அது. இரண்டே எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ள வேண்டிய மக்கள், ஆயுளைக்கூட நிர்ணயிக்கும் ஜீவாவின் அரசாங்கம், தொலைந்துபோன கணவனைத் தேடும் நிலா, புத்தகம் படித்துப் படித்துப் புத்தி வளர்த்துக்கொள்ளும் இயந்திர நாய் ஜீனோ. கதை நடக்கும் 2020களுக்குள் நாமே வந்து சேர்ந்துவிட்டோம். படம் வரவில்லை. இசையமைப்பாளரை மட்டும் ஊரே கூடி முடிவுசெய்து வைத்திருக்கிறது.

அந்த முடிவின் நியாயத்தை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்க்காத உலகத்தைக் காட்ட கிராஃபிக்ஸ் வேண்டும் என்றால், காதால் கேட்காத ஒலியும் வேண்டும். ஒலியைப் புதிதாகச் செய்வதில் 1992-ல் வந்த 'ரோஜா' முதல் ரஹ்மானை மிஞ்ச ஆள் இல்லை. 'எந்திரன்' (2010), '24' (2016), '2.0' (2018), 'அயலான்' (2024) என்று தமிழின் பெரிய அறிவியல் புனைவுப் படங்கள் வரிசையாக அவரிடமே போயிருக்கின்றன. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர் ஏற்கெனவே ஜெயித்த குதிரையைத்தானே தேடுவார்? இதில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. ரஹ்மானின் மேதைமையைப் பற்றி எனக்குத் தகராறும் இல்லை. என் தகராறு "அப்படியானால்" என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு. ரோபோ வருகிறது என்பதிலிருந்து இன்னார் இசையமைக்க வேண்டும் என்பது எப்படிப் பிறக்கிறது? பிறக்காது என்பதற்கு என்னிடம் ஐந்து ஆட்சேபங்கள் உண்டு.

1. எதிர்காலத்தின் ஒலி என்ற ஒன்று இருக்கிறதா என்ன?

மின்னொலிதான் நாளைய ஒலி என்று முதலில் நம்பியவர்கள் நம் தாத்தாக்கள். 1951-ல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தெரமின் என்ற மின்கருவியை ஊளையிட வைத்தார். 1956-ல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' முழுக்க மின்சுற்றுகளின் ஒலிதான். லூயி, பெபே பாரன் தம்பதி செய்தது அது. இன்று அதைக் கேட்டால் எதிர்காலம் நினைவுக்கு வருவதில்லை, ஐம்பதுகள்தாம் வருகின்றன. 1968-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் குப்ரிக் விண்கலத்தை மிதக்கவிட்டது 1867-ன் வால்ட்ஸ் இசையில். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அழைத்தது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை. அவர் எழுதியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பாணி இசை. இந்த இரண்டும் இன்னும் கிழடு தட்டவில்லை.

நம் ஊர்க் கணக்கையே பார்ப்போம். 1986-ல் சுஜாதா கதையில் வந்த 'விக்ரம்' படத்தின் டைட்டில் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். இளையராஜா அன்று கைக்கு வந்த மின்கருவிகளை உற்சாகமாக ஓடவிட்டிருக்கிறார். கேட்ட மாத்திரத்தில் 1986 என்று சொல்லிவிடலாம். அதே ஆண்டு, அதே இசையமைப்பாளர், 'மௌன ராகம்' பின்னணி இசை: அதற்கு யாராவது வருஷம் சொல்லட்டும் பார்க்கலாம். ஏவுகணைப் படத்தின் இசைக்கு வயதாகிவிட்டது, கணவன் மனைவி பேசிக்கொள்ளாத படத்தின் இசைக்கு ஆகவில்லை. புதுக் கருவி தன் பிறந்த தேதியை நெற்றியில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எதிர்காலத்தைக் காட்ட அதை நம்புவது, பத்து வருஷத்தில் படத்தைப் பழசாக்க நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு.

வேஞ்சலிஸ் இசையமைத்த 'பிளேட் ரன்னர்' (1982)? நல்ல கேள்விதான். முழுக்க சின்தசைஸர், இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த யமஹா சிஎஸ்-80 விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஸ்வரத்தை நெளியவிடும் கருவி. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே அதை வாசித்தார். கூடவே காதல் காட்சிக்கு ஒரு சாக்ஸஃபோன். படத்தைக் காப்பாற்றியது அந்த விரல்கள்.

2. ஸிம்மரை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஸிம்மர் செய்தது தெரியுமா?

'இன்டர்ஸ்டெல்லார்' (2014) மாதிரி வேண்டும் என்று கேட்காத இயக்குநர் இன்று கோடம்பாக்கத்தில் இல்லை. இயக்குநர் நோலன் அந்தப் படத்துக்கு இசை கேட்ட விதம் ஊரறிந்த கதை. ஒரு பக்கக் கடிதம் ஒன்றை ஸிம்மரிடம் கொடுத்தார். பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டிய ஒரு தகப்பன், அவ்வளவுதான் அதில். விண்வெளி இல்லை, கருந்துளை இல்லை, என்ன வகைப் படம் என்ற தகவலே இல்லை. ஸிம்மர் அதற்கு ஒரு சிறு இசைத்துண்டு எழுதி வாசித்துக் காட்டினார். அதன் பிறகுதான் இது விண்வெளிப் படம் என்று நோலன் வாய் திறந்தார். அந்த இசையை அண்டம் அளவுக்கு விரிக்க ஸிம்மர் தேடிப்போனது லண்டன் டெம்பிள் சர்ச் ஆர்கனை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் அது. ஆக, "ஸிம்மர் மாதிரி" என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது ஒரு பழைய மாதா கோவில் வாத்தியத்தை. கேட்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது.

இங்கேயும் அதே கதை நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. 2018-ல் 'டிக் டிக் டிக்' வந்தது. இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம். இசை, 'மைனா'வுக்கும் 'கும்கி'க்கும் மலைக்காட்டு மெட்டுகள் போட்ட இமான். அவருக்கு அது நூறாவது படம். அந்தப் படத்திலிருந்து இன்று ஜனங்கள் முணுமுணுப்பது எதை? அப்பா மகனைக் கொஞ்சும் 'குறும்பா'வை. விண்கல்லும் விண்கலமும் எங்கே போயினவோ.

3. 'எந்திரன்' எதற்குச் சாட்சி?

ரஹ்மான் கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம் இது. எடுத்துப் பார்ப்போம். 'காதல் அணுக்கள்' பாட்டில் வைரமுத்து அறிவியல் கலைச்சொற்களை வாரி இறைத்திருக்கிறார். ரஹ்மானோ கிட்டாரை வைத்துக்கொண்டு சாதுவாக ஒரு காதல் மெட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். சொல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, மெட்டு மணல்வெளியில் கைகோத்து நடக்கிறது. 'புதிய மனிதா'வில் இயந்திரம் பிறக்கிறது, அதை வரவேற்பது எஸ்.பி.பி.யின் குரல். தமிழ்க் காதுக்கு அதைவிடப் பழகிய மனிதக் குரல் உண்டா? கடைசியில் ரோபோ சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சியில் நம் தொண்டை அடைத்ததே, இரும்புச் சத்தம் கேட்டா அடைத்தது?

ரஹ்மான் அந்தப் படத்தில் வென்ற இடங்களெல்லாம் ரோபோவை மறந்த இடங்கள். அவரை "ஃபியூச்சரிஸ்டிக்" என்று முத்திரை குத்தி அழைப்பவர்கள் அவருடைய பலத்தையே தவறாகப் படித்திருக்கிறார்கள். இதே முத்திரைதான் மறுபக்கம் இளையராஜா என்றால் வயல்வரப்பு என்கிறது. 'புன்னகை மன்னன்' படத்துக்கு சீக்வென்சரைக் கொண்டுவந்து கணினி இசை போட்டவர் அவர், அதுவும் ரஹ்மான் தனியாகப் படம் செய்ய வருவதற்கு ஆறு வருஷம் முன்னால்.

4. "கர்நாடக சங்கீதமெல்லாம் பழசு, இதுக்கு ஒட்டாது."

எங்கே ஒட்டாது? தமிழின் முதல் வேற்றுக்கிரகப் படம் 'கலையரசி' (1963). எம்.ஜி.ஆர். படம், நம்பியார் வேற்றுக்கிரகவாசி. பறக்கும் தட்டில் ஏறி அவர் பூமிக்கு எதற்காக வருகிறார்? தங்கம் எடுக்கவா, யுத்தம் செய்யவா? பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி வருகிறார்! அவர்களுடைய கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இசை கே.வி.மகாதேவன். பிற்பாடு 'தில்லானா மோகனாம்பா'ளும் 'சங்கராபரண'மும் செய்த அதே மாமா. ஹாலிவுட்காரர்கள் வேற்றுக்கிரகவாசி என்றதும் தெரமினைத் தேடிய காலத்தில், நம்மவர்கள் வேற்றுக்கிரகத்துக்கே பாட்டு டீச்சரை ஏற்றுமதி செய்தார்கள். படத்தின் அட்டைத் தட்டுகளையும் வினோத உடைகளையும் பார்த்து இன்று சிரிக்கிறோம். அடிப்படை எண்ணம் சிரிக்கத்தக்கதே இல்லை. (அந்தப் பானுமதியே பின்னாளில் அடையாற்றங்கரையில், கிரீன்வேஸ் சாலையிலிருக்கும் அரசு இசைக்கல்லூரிக்கு முதல்வராக வந்தார். விதிக்கும் நகைச்சுவை உண்டு.)

சரி, மின்னணுவியலுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஆகாது என்பவர்கள் மார்கழியில் டி.டி.கே. சாலைப் பக்கம் எந்த சபாவிலாவது ஏறி மேடையைப் பார்க்கட்டும். பல கச்சேரிகளில் தம்புராவோடு, சில சமயம் தம்புராவுக்குப் பதிலாகவே, ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பாடகரின் மடிக்குப் பக்கத்தில் செல்போன், அதில் தம்புரா ஆப். ஐந்தரைக் கட்டையா, ஆறு கட்டையா, விரலால் தள்ளிவிட்டு ஆலாபனையை ஆரம்பித்துவிடுகிறார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மாமிகள் எத்தனையோ வருஷமாக மின்னணு சுருதிப் பெட்டியோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். இதை யாரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று சொல்வதில்லை. இயந்திரத்தை இவ்வளவு சகஜமாகப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்ட இசையை, இயந்திரப் படத்துக்கு ஆகாது என்று தள்ளுவது வேடிக்கை.

சுஜாதாவுக்கு இந்தப் பாகுபாடு இல்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை பார்த்தவரும், புறநானூற்றுக்கு எளிய உரை எழுதியவரும், ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளைக் கதையாக்கியவரும் ஒரே ஆள். அவர் படைத்த இயந்திர நாய் படித்தவன் மாதிரிக் குறும்பு பேசுகிறது. அதற்கு உலோக உறுமலைப் பின்னணியாகக் கொடுப்பவர் புத்தகத்தைப் படிக்காதவராகத்தான் இருப்பார்.

5. பெரிய பெயரைப் போட்டால் என்ன ஆகிறது?

இதுதான் எனக்கு முக்கியம். மேலே சொன்னவையெல்லாம் ரசனைச் சண்டை. இது வேலை நடக்கும் முறை.

நம் வழக்கத்தில் பாட்டு முதலில், பின்னணி இசை கடைசியில். படப்பிடிப்புக்கு முன் மெட்டு வாங்கியாக வேண்டும், ஆடியோ ரைட்ஸ் அதை நம்பித்தான் விலைபோகிறது. ரீ-ரெக்கார்டிங்குக்கு ரிலீஸ் தேதி நெருங்கும்போதுதான் ரீல் வரும். குடும்பப் படத்துக்கு இந்த முறை ஓரளவு தாங்கும். நடிகர் முகம் திரையில் இருக்கிறது, அதைப் பார்த்து வாசித்துவிடலாம். கிராஃபிக்ஸ் படத்தில் இசையமைப்பாளர் முன்னால் ஓடுவது என்ன? பச்சைத் துணி. அதற்கு முன்னால் ஒரு நடிகர் வெறுங்காற்றைப் பார்த்துக் கண்கலங்குகிறார். ஜீனோ இருக்க வேண்டிய இடத்தில் குச்சியில் குத்திய ஒரு பந்து. விண்கலம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள், ஓரத்தில் "சி.ஜி. பெண்டிங்" என்று எழுத்து. படம் மௌனமாக இருக்கக் கூடாதே என்று எடிட்டர் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைத்திருப்பார். இயக்குநர் மாசக்கணக்கில் அதையே கேட்டுக்கேட்டு அதன்மேல் காதலாகியிருப்பார். இசையமைப்பாளர் என்ன போட்டாலும், "நல்லா இருக்கு சார், ஆனா அந்த ஃபீல் வரலையே."

அந்தக் காதலின் ருசியை அலெக்ஸ் நார்த் கண்டார். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அவர் எழுதிக் கொடுத்த இசையை ஓரம் தள்ளிவிட்டு, ஒட்டிப் பார்த்த இசைத்தட்டுகளையே குப்ரிக் வைத்துக்கொண்டார். நார்த்துக்கு அது தெரிந்தது படத்தைத் திரையில் பார்த்தபோதுதான். குப்ரிக் குப்ரிக்காக இருந்ததால் அது காவியமாயிற்று. மற்றவர்கள் கையில் அது நகல் ஆகிறது. நம் படங்களில் விண்கலம் புறப்படும் காட்சிக்கெல்லாம் ஒரே மாதிரி அடிவயிற்றை அதிரவைக்கும் "பாம்ம்ம்" வருவது இந்த ஏற்பாட்டின் விளைச்சல்.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஒரே வழி, இசையமைப்பாளர் திரைக்கதை மேசையிலேயே உட்கார வேண்டும். கிராஃபிக்ஸ் வருவதற்கு முன்பே, எழுத்தை மட்டும் வைத்து, ஜீனோவின் இசையைச் செய்துவிட வேண்டும். முடிந்தால் அந்த இசையை ஓடவிட்டு அனிமேஷன் செய்ய வேண்டும். உச்சியில் இருக்கிற ஒருவரால் இதற்கு நேரம் ஒதுக்க முடியுமா? தேதிக்கும் போஸ்டரில் பெயருக்கும் பணம் கொடுத்துவிட்டு, அவருடைய ஆறு மாதத்தை எதிர்பார்ப்பது நியாயமா? 'அயலான்' 2018-ல் தொடங்கி 2024-ல் வந்தது. கிராஃபிக்ஸுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிற படத்தோடு ஓர் இசையமைப்பாளர் கூடவே இருக்க வேண்டுமென்றால், அவருக்கு அந்தப் படம் வாழ்க்கைப் பிரச்சினையாக இருக்க வேண்டும், டைரியில் ஒரு பக்கமாக இருந்தால் போதாது.

ஹிட் பாட்டு இல்லாமல் வியாபாரம் ஆகாது என்பார்கள். 1954-லேயே ஏவி.எம். பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தது. இயக்கியவர் யார்? மயிலாப்பூரில் பிறந்த வீணை எஸ்.பாலசந்தர், ஊரிலேயே பெரிய சங்கீதக்காரர்களில் ஒருவர். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

சரி, யாரைப் போடலாம் என்று கேட்பீர்கள். மறுத்துவிட்டு நழுவுகிறவன் நான் இல்லை.

கதைக்கு எது தேவையோ அதிலிருந்து ஆரம்பிப்போம். ஜீவாவின் ராஜ்யத்துக்குப் பயமுறுத்தும் இசை கூடவே கூடாது. சர்வாதிகாரம் இனிப்பாகத்தான் பாடும், ரேடியோ விளம்பரம் போல. மனசில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தேசபக்திக் குட்டிப்பாட்டு, எல்லாத் திருப்பத்திலும் அதே பாட்டு, மூன்றாவது முறை கேட்கும்போதே அடிவயிற்றில் ஜில்லிட வேண்டும். (ஜீவா யார் என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவைக்கிறேன்.) நிலாவுக்கு ஒரு தனிக்குரல், சுருதியைத் தேடித் தடுமாறும் குரல் போதும்.

ஜீனோதான் பரீட்சை. நாய் பொம்மையாக வருகிறது, பிறகு யோசிக்கிறது, பிறகு ஆசைப்படுகிறது. இந்த மாற்றத்தைச் சொல்ல நம் சங்கீதத்தில் கைவசம் ஒரு சாதனம் இருக்கிறது: கமகம். ஜீனோவின் மெட்டு முதலில் அசைவில்லாத வெறும் ஸ்வரங்களாக, சரளி வரிசையைக் கீபோர்டில் தட்டியது போலக் கட்டைகட்டையாக வரட்டும். அது ஒரு புத்தகம் படித்த பிறகு ஒரே ஒரு ஸ்வரம் லேசாக அசையட்டும். அடுத்த இக்கட்டில் இன்னொன்று. கடைசி அத்தியாயத்தில் அதே மெட்டு முழு ராகமாக நெளிந்து குழைந்து நிற்கும்போது, இயந்திரத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று வசனம் எழுத வேண்டியதில்லை. தோடியில் காந்தாரம் அசைவதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது விளக்கமில்லாமல் புரியும். ராகம் தெரியாதவருக்கும் ஏதோ இளகியது என்று புரியும்.

ஆக, வேண்டியவர் கமகம் தெரிந்தவர், கூடவே நகைச்சுவை தெரிந்தவர். என் ஓட்டு ஷான் ரோல்டனுக்கு. கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர் என்பது பாதிக் காரணம். மீதிக்கு 2014-ல் அவர் செய்த இரண்டு படங்களைப் பாருங்கள். 'முண்டாசுப்பட்டி'யில் வானத்திலிருந்து விழுந்த விண்கல்லை ஒரு கிராமம் வானமுனி என்று சாமியாக்கிக் கும்பிடுகிறது. 'வாயை மூடி பேசவும்' இன்னும் நெருக்கம். பேசினால் பரவும் மர்மக் காய்ச்சல், பேசுவதற்கே தடை போடும் அரசாங்கம். பின்பாதியில் ஏறத்தாழ வசனமே கிடையாது. காதலும் கோபமும் கேலியும் இசையின் தலையில் விழுகின்றன, அவர் அலட்டிக்கொள்ளாமல் தூக்கிச் சுமக்கிறார். அபத்தமான ஆணை, அதற்குள் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர்கள், நடுவில் ஒரு சிரிப்பு. இதைவிடச் சுஜாதாத்தனமான பயிற்சி யாருக்குக் கிடைத்திருக்கிறது? அந்தப் படத்தைச் சயின்ஸ் ஃபிக்‌ஷன் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை, ரோபோ இல்லையாம்.

"ரோல்டன் பெயருக்கு ஓப்பனிங் வருமா?" என்று ஒரு குரல் கேட்கும். 'மாநாடு' (2021) வந்தபோதும், கால வளையக் கதை ஜனங்களுக்குப் புரியுமா என்றுதான் கேட்டார்கள். அதற்கு இசையமைத்த யுவன் வளையத்துக்கென்று விசேஷ ஒலி எதையும் தேடி அலையாமல், எஸ்.ஜே.சூர்யாவின் எரிச்சலுக்கும் சிம்புவின் சாமர்த்தியத்துக்கும் இடையில் நடக்கும் பூனை எலி ஆட்டத்துக்கு வாசித்தார். தியேட்டரில் விசில் பறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ரஹ்மான்தான் வேண்டும் என்றால், தாராளமாக அவரிடமே போங்கள். நாட்டக்குறிஞ்சியில் 'கண்ணாமூச்சி ஏனடா' போட்டவருக்குக் கமகத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஒரு நிபந்தனை மட்டும். கதை சொல்ல உட்கார்ந்ததும் "சார், இது சயின்ஸ் ஃபிக்‌ஷன்" என்று ஆரம்பிக்காதீர்கள். புருஷனைக் காணாமல் தேடும் ஒரு பெண், அவள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவனோடு வந்த ஒரு படிப்பாளி நாய் என்று ஆரம்பியுங்கள். அது இயந்திர நாய் என்பதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.